வாசல் மட்டம்: பூஜ்ஜியம்

மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியும் பதினோரு பேர் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. முன்னால் நின்றவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர், எந்நேரமும் கைப்பையை மார்போடு அணைத்திருக்கும் ஓர் அம்மாள், இன்னும் சிலர், எல்லோரும் தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து, கடைசி வண்டிக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். யாரோ ஒருவர் "வீட்டுக்குப் போகணும்" என்று ஆரம்பித்திருக்கிறார். அது ஒவ்வொருவரையும் தொற்றிக்கொண்டது. செடியம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது பதினோரு குரலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. நர்ஸுகள் துண்டும் கையுமாக அல்லாடிக்கொண்டிருந்தார்கள்.

கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர். கதவு அவள் வைத்த கதவு.

செடியம்மா என்பது வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். தோட்டம் வடிவமைப்பது அவள் தொழில். கட்டடம் எழும்பி முடிந்தபின் மிச்சமிருக்கிற மண்ணில் நாலு பூந்தொட்டியை வைத்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போகிற ரகம் இல்லை அவள். எந்த மண்ணில் எந்தப் புல் தானாக வரும், எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வரும், அந்தப் பூச்சிக்காக எந்தக் குருவி வரும், அந்தக் குருவியைப் பார்க்க எந்தக் கட்டிலில் கிடக்கிற நோயாளி தலையைத் திருப்புவார் என்பதுவரை யோசித்து வரைகிறவள். ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள், ஒரு சிறைச்சாலைகூட அவள் கைபட்டுப் பச்சையாகியிருக்கிறது. மனுஷனுக்குப் பாதி நோய் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் வருகிறது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியை யார் எதிர்த்தாலும் விடமாட்டாள்.

அவள் கணவர் அதே அலுவலகத்தில் நில மட்டம் பார்த்தவர். எது மேடு, எது பள்ளம், பெய்கிற மழை எங்கே ஓடி எங்கே வடிய வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடி, வைத்த இடம் சாய்வா சமமா என்று காட்டுமே, அது. அதனால் அலுவலகத்தில் அவருக்கே ரசமட்டம் என்று பெயர் விழுந்துவிட்டது. விருந்தாளி உட்காரும் நாற்காலியைக்கூட மட்டம் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார் என்று கேலி பேசுவார்கள். அதில் கேலி ஒன்றும் இல்லை, அவர் அப்படித்தான். அவளைப் 'பச்ச' என்று கூப்பிடுவார். தோட்டத்தில் ஒரு மூலையிலாவது தண்ணீர் தேங்கி நிற்கட்டும், தவளை வரும், தட்டான் வரும் என்பாள் அவள். கொசு வரும் என்பார் அவர். முப்பத்து நாலு வருஷத்தில் இந்த வழக்கில் அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இந்த இல்லத்தின் தோட்டத்தை இருவரும் சேர்ந்து செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. நினைவு தப்பிப்போனவர்களுக்கான இல்லம். அப்படிப்பட்டவர்களுக்குத் தோட்டம் போடுவதில் சில சூட்சுமங்கள் உண்டு. பாதை எங்கேயும் முட்டி நிற்கக்கூடாது. நின்றால் திரும்பத் தெரியாமல் அங்கேயே நின்று பயந்துபோவார்கள். அதனால் எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டாள். எப்படி நடந்தாலும் புறப்பட்ட தாழ்வாரத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். சுற்றுவேலியைக் கொடி மூடிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், வெளிக்கதவு கண்ணில் படக்கூடாது. ஒரு தடவை பட்டுவிட்டால் பிறகு அது பூட்டிய கதவு. பூட்டிய கதவைப் பார்த்தவருக்கு எத்தனை பூ காட்டினாலும் மனம் ஆறாது. ஆகவே கதவுக்கு இலைப்பச்சை நிறம் அடித்து, முன்னால் மூங்கிலும் புதருமாக இரண்டு அடுக்கு நட்டு, அதற்கு இருபது அடி முன்பே பாதையை வளைத்து, எதிர்ப்பக்கம் செம்பருத்தியும் குருவி குளிக்கும் தொட்டியும் வைத்தாள். நடக்கிறவர் கண் தன்னால் அந்தப் பக்கம் போய்விடும். வேலை முடிந்த அன்று அவள் கர்வத்தோடு, "பூட்டே தெரியாத பூட்டு. எப்படி?" என்று கேட்டாள். அவர் கதவடியில் குந்தி உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ண ஏமாத்திட்ட பச்ச. தண்ணிய ஏமாத்த முடியுமா? மொத்தத் தோட்டத்துத் தண்ணியும் இந்தக் கதவுக்கு அடியிலதான வெளிய போகுது."

"தண்ணியப் பாத்து நடக்கறதுக்கு எல்லாரும் உங்கள மாதிரி கிறுக்கா?" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஐந்து வருஷம் கழித்து அவருக்குச் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு தேதி போனது. பிறகு வெளியூரில் இருக்கும் மகளின் பெயர் போனது. முப்பத்து நாலு வருஷம் 'ஏய் பச்ச' என்று கூப்பிட்ட மனுஷன் ஒருநாள் காலையில் அவள் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்று, "நீங்க யாரப் பாக்கணும் மேடம்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத மரியாதை இன்றைக்குக் கிடைத்தது என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள் செடியம்மா. போனை வைத்துவிட்டு அழுதாள்.

வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தவரை பார்த்தாள். முடியாமல் போனபோது எங்கே சேர்ப்பது என்று யோசிக்கவே இல்லை. தன் தோட்டம் தன் மனுஷனைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். தோட்டமும் பார்த்துக்கொண்டது. காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு சுற்று நடந்தார். வெயிலில் உட்கார்ந்தார். மண்ணைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்தார். இரவில் தூங்கினார். படபடப்புக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பாதியாக்கிவிட்டோம் என்று தலைமை நர்ஸே சொன்னாள். ஆறு மாதம் அப்படிப் போனது. பிறகு மழைக்காலம் வந்தது.

முதல் மழையில் கம்பிக்கு நடுவே கையை விட்டு வெளிக்கொக்கியைக் கழற்றி, ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே அரை மைல் நடந்துபோனார். லாரிக்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். இல்லத்தில் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த மழையில் உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். தாழ்வாரக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனது. மூன்றாவது மழையில், கொஞ்ச நேரம் தோட்டத்தில் நின்றால் அடங்குவார் என்று வெளியே விட்டார்கள். அன்றைக்குத்தான் மற்ற பத்துப் பேரும் அவர் பின்னால் போய்க் கதவைப் பார்த்துவிட்டார்கள்.

எல்லோரையும் துவட்டி உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்த பிறகு, தலைமை நர்ஸ் செடியம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷி. சொல்ல வந்ததைச் சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

"அம்மா, உங்க தோட்டத்தப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லல. ஆனா ஒருத்தருக்காகப் பத்துப் பேரு கஷ்டப்பட முடியாதில்ல? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாரை மூணாவது மாடிக்கு மாத்தச் சொல்லி நிர்வாகத்துல சொல்லிட்டாங்க."

"கதவுக்கு முன்னாடி இன்னும் அடர்த்தியா ஏதாவது வெச்சா?"

"அவரு எங்கம்மா செடியப் பாக்கறாரு? வெயில் நாள்ல அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு. மழை பெஞ்சா மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, தண்ணி ஓடற வழியிலயே போறாரு. நேரா கதவுல போய் நிக்கறாரு."

 மகள் பெயர் போய்விட்டது. மனைவியின் முகம் போய்விட்டது. தண்ணீருக்கு அவர் வைத்த நூறடிக்கு ஓரடி சரிவு மட்டும் அந்த மண்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது அவளுக்கு. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்றாவது மாடியை ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் திறக்காத ஜன்னல். ஒரு பெரியவர் நடையின் கோடிவரை போய், சுவரைத் தொட்டு, கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்து இந்தக் கோடியில் சுவரைத் தொட்டார். அவள் நின்ற பத்து நிமிஷத்தில் ஏழு தடவை தொட்டார். சுவரில் அவர் கை படும் இடத்தில் வண்ணம் போய்ச் சுண்ணாம்பு தெரிந்தது.

அன்று மாலை மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பா எங்கம்மா போகப் பாக்கறாரு?"

"வீட்டுக்குன்னுதான் சொல்றாரு."

"அப்ப வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடேன். நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

"வீட்ல இருந்தப்பவும் வீட்டுக்குப் போகணும்னுதான்டி சொன்னாரு. நம்ம கட்டில்ல உக்காந்துக்கிட்டு."

 "அப்ப என்ன பண்ணப்போற?" என்று மகள் கேட்டாள்.

"தண்ணியத் திருப்பப்போறேன்" என்றாள் செடியம்மா.

சொல்வது சுலபம். மழைத்தண்ணீரைக் கதவை நோக்கிக் கொண்டுபோகும் புல் ஓடையின் கடைசி முப்பதடியை மண்போட்டு நிரப்பி, ஒரு சாண் உயர்த்த வேண்டும். ஓடையைத் திருப்பித் தோட்டத்தின் எதிர்மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வேலியிலிருந்து தள்ளி, பெரிய மரத்தடியில் அகலமாக ஒரு பள்ளம் தோண்டி, அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்குமேல் மண் போட்டு, சுற்றிலும் நாணலும் கோரையும் நட வேண்டும். மழை அங்கே வந்து நின்று, நாலு மணி நேரத்தில் பூமிக்குள் இறங்கிவிடும். வாசலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. தண்ணீரைப் பின்தொடர்ந்து வருகிறவர் ஒரு பெஞ்சுக்கும் நாணலுக்கும் வந்து சேருவார். வரைந்து முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. மட்டம்தான் தெரியவில்லை. ஆயுசு முழுக்க அவள் செடியை வரைந்து தள்ளியிருக்கிறாள், எண்ணை அவர்தான் போடுவார்.

அலமாரியில் அவருடைய பழைய நோட்டுகள் இருந்தன. இந்த இல்லத்தின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நாலைந்து நாள் உட்கார்ந்தாள். குட்டிக் குட்டியாக, முத்து முத்தாக எண்கள். ஓரத்தில் ஆங்காங்கே கிறுக்கல்கள். 'பச்ச இங்கே மரம் வைப்பாள். வேர் குழாயை அடைக்கும். சொல்லிப் பயனில்லை' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. படித்துவிட்டு, "நீங்க மட்டும் சொன்ன பேச்சக் கேட்டீங்களாக்கும்" என்று வாய்விட்டே சொன்னாள். முதல் பக்கத்தில், கோடு போட்டு, 'வாசல் மட்டம்: பூஜ்ஜியம்' என்று எழுதியிருந்தார். கதவடியில் இருக்கும் கல்லைத்தான் பூஜ்ஜியமாக வைத்து, மற்ற இடங்களையெல்லாம் அதிலிருந்து இத்தனை உயரம் என்று அளந்திருக்கிறார். தாழ்வாரம், மரத்தடி, குருவித் தொட்டி, எல்லாமே வாசலிலிருந்து இவ்வளவு என்றுதான் இருந்தன. அன்று அவள் அதற்குமேல் படிக்கவில்லை.

வேலைக்குப் பழைய மேஸ்திரியே வந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் இந்த ஓடையை வெட்டியவர். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டவர், நிரப்ப வேண்டிய இடத்தைக் காலால் அளந்துவிட்டு, "சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டா ஒரு நிமிஷத்துல மட்டம் போட்டுக் குடுத்துடுவாரு மேடம்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

மட்டம் பார்க்க மேஸ்திரியிடம் டியூப்தான் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெரிகிற நீளமான ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைக் குச்சியில் குறித்துக்கொள்ள வேண்டும். செடியம்மா கதவடியில் ஒரு முனையைப் பிடித்தாள். மேஸ்திரி மரத்தடியில் மறு முனையைப் பிடித்தார். மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் மூன்று அளவு வந்தது. நோட்டில் இருந்த எண்ணுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"குழாயில காத்து இருக்கு!"

தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ்.

"நடுவுல பாருங்க. குமிழி நிக்குது. காத்த வெளியேத்தாம மட்டம் பாத்தா ஊருக்கே தண்ணி ஏறும். தட்டுப்பா, தட்டு!"

மேஸ்திரி குழாயை விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குமிழி இருந்தது. "சார் சொன்னா தப்பாப் போகுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கணவர் நர்ஸின் கையை உதறிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டார். வந்த வேகத்தைப் பார்த்தால் மூன்று வருஷமாக வேலைக்கு வராமல் இருந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேஸ்திரியிடமிருந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டு, எதிர்முனையில் நின்ற செடியம்மாவைப் பார்த்தார்.

"மேடம், அசையாம நில்லுங்க. தண்ணி எங்க போகணும்?"

அது அவருடைய முதல் கேள்வி. எந்த வேலையை ஆரம்பித்தாலும் அவர் வாயில் வருகிற முதல் கேள்வி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தையும் அதுதான்.

"அந்த மூலைக்கு. மரத்தடிக்கு" என்றாள்.

"வாசல் பக்கம் வேணாமா? இயற்கையா சரிவு அங்கதான இருக்கு?"

"வேணாம்."

"ஏன்?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. வந்தவரைக்கும் சொன்னாள். "ரோட்டுக்காரங்க தண்ணிய வெளிய விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அவங்க எப்பவும் இப்படித்தான்" என்று தலையை ஆட்டினார். "சரி, விடுங்க. செஞ்சுடலாம்."

செய்தும் கொடுத்தார். அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, டியூப்பின் ஒரு முனையில் அவர், மறு முனையில் அவள். எண்ணை எழுதத் தெரியவில்லை அவருக்கு. ஆனால் குச்சியில் விரல் வைத்து, "இங்க" என்று காட்டினால் அது சரியாக இருந்தது. மேஸ்திரி வெட்டுவார், அவர் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், "அரை விரல் ஏத்து" என்பார். மத்தியானம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அப்படிச் சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அவருக்குப் போடுகிற பூட்டை அவரையே செய்யச் சொல்கிறோமே என்று நினைத்தாள். நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தாள். மூன்றாவது மாடியும் அந்தச் சுண்ணாம்புச் சுவரும் கண்முன் வந்தன. மறுபடி உட்கார்ந்தாள்.

நாணல் நட்டாகிவிட்டது. கதவுக்கு முன்னால் மண் நிரப்பிய இடத்தில் புல் பிடித்தது. பள்ளத்தின் நடுவே தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, விரல் விரலாகக் கோடு போட்ட ஒரு கல்லை நிறுத்தினார்கள். இல்லத்தில் மற்றவர்கள் கதவை மறந்துவிட்டார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்குச் சுலபமாக வருவது. பதினெட்டு நாள் மழை இல்லை. பத்தொன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தலைமை நர்ஸ் போன் செய்தாள். செடியம்மா வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

அவரை வெளியே விடச் சொன்னாள். கையில் குடையைக் கொடுத்தார்கள். அவர் அதை விரித்துக்கொண்டு படியிறங்கினார். ஓடையில் தண்ணீர் வரும்வரை பேசாமல் நின்றார். முதலில் சருகு நகர்ந்தது, பிறகு நுரை வந்தது, பிறகு கலங்கலாகத் தண்ணீர் ஓடியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அதன் கூடவே நடந்தார். பத்தடி பின்னால் அவள் நனைந்துகொண்டே போனாள். தாழ்வாரத்தில் தலைமை நர்ஸும் மற்றவர்களும் நின்று பார்த்தார்கள். ஓடை திரும்பும் இடம் வந்தது. நேரே போனால் கதவு, இடதுபக்கம் போனால் மரத்தடி. அவர் அங்கே நின்றார். அவளும் நின்றாள். தண்ணீர் இடதுபக்கம் போனது. அவரும் இடதுபக்கம் போனார்.

பள்ளத்தில் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. ஓடையிலிருந்து இன்னும் விழுந்துகொண்டிருந்தது. நாணல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் கரையில் நின்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். வழி முடிந்துவிட்டது என்று புரிந்த முகம் அது. கத்துவார் என்று பயந்தாள். அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாங்க."

"நல்லா இருக்கு மேடம். மட்டம் சுத்தமா இருக்கு. யாரோ தெரிஞ்சவங்கதான் போட்டுக் குடுத்திருக்காங்க." கொஞ்ச நேரம் நாணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல இதுக்குத்தான் சண்டை. ஒரு மூலையிலயாவது தண்ணி நிக்கட்டும்னு கேப்பா. தவளை வரும்னு சொல்லுவா. நான் ஒருநாளும் குடுத்ததில்ல. கொசு வரும்னு சொல்லிடுவேன்."

அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். 

"இத அவ பாக்கணும். கூட்டிட்டு வரணும்" என்று எழுந்தார். "நான் கிளம்பறேன் மேடம். நேரமாச்சு, வீட்ல தனியா இருப்பா. வாசல் எந்தப் பக்கம்?"

செடியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அவசரமும் பிரியமும் இருந்தன. இரண்டும் அவளுக்காகத்தான். அவரைப் போகவும் விடக்கூடாது. 'நான்தான் அது' என்று சொன்னால் முன்பொரு தடவை போல, வயதான அம்மா ஒருத்தி தன்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று மிரண்டுபோவார். தாழ்வாரத்திலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி எங்க போகுதோ அங்கதான வாசல் இருக்கும்?" என்றாள்.

"ஆமா. அதுதான் சரி."

"தண்ணி இங்கதான நிக்குது?"

அவர் யோசித்தார். குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். அவளுடைய பொய்யில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறவர்போல இல்லை. தன் தொழிலில் ஒரு சந்தேகம் வந்தவர்போலத்தான் இருந்தார்.

"நிக்காது மேடம். வடியும். அடியில ஜல்லி போட்டிருக்கீங்கல்ல? நாலு மணி நேரம். வடியறப்ப எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டா வாசல் தெரிஞ்சுடும்." மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "பாத்துட்டே கிளம்பறேன்."

மழை விட்டு வெறித்தது. ஓடை மெலிந்து, சொட்டுச் சொட்டாகி நின்றது. அவர் ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் சரியாக ஊன்றிவிட்டு வந்தார். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அவர் செய்கிற வேலை அது. தாழ்வாரத்தில் தலைமை நர்ஸ் கையை உயர்த்தி, நல்லபடியாக ஆயிற்று என்பதுபோல் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். மரத்திலிருந்து துளிகள் விழுந்துகொண்டிருந்தன. செடியம்மாவின் தோளில் விழுவதைப் பார்த்து, "நனையறீங்களே" என்று அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். தன் தோள் நனைவதை அவர் கவனிக்கவில்லை. அன்னியப் பெண் என்று நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒரு வேலையாவது கோளாறாகப் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில்லை. இன்றைக்கு வேண்டிக்கொண்டாள். ஜல்லி அடைத்துக்கொள்ளட்டும், மண் இறுகிப்போகட்டும், தண்ணீர் இப்படியே நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆனால் மட்டம் போட்டவர் தெரிந்தவர். கண்ணைத் திறந்தபோது எங்கிருந்தோ ஒரு தட்டான் வந்து அந்தக் குச்சியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. குச்சிக்கும் இறங்கத் தொடங்கிய தண்ணீருக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு, ஈர மண் பளபளத்தது.